அந்த இன்ஜினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வாங்கிய செய்தியை முருகேசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்ல என்ன கூச்சம்? வட்டக்கானல் விவகாரத்தை மறுபடி கிளறுவேன் என்றா? கிளறத்தான் போகிறேன், நேரில்.

ஜீப் சரி. அதிலிருக்கும் பெஜோ டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு, டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி) வைத்த ஜப்பான் டீசலை ஏற்றப்போகிறாயாமே! 2112 சிசி, 62 குதிரைத்திறன் உனக்குப் போதவில்லையாம். நாற்கரச் சாலையில் போதாதுதான். நீ போக ஆசைப்படுவதோ மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொளுக்குமலைக்கு ஏறும் கல்பாதை. அங்கே யார் விரட்டுகிறார்கள் உன்னை?

பெஜோ இன்ஜினின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், சுமார் 120 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கர ஓட்டத்துக்கென்று தனியாக இருக்கும் லோ கியரைப் போட்டதும் அது 2.46 மடங்காகி 300-ஐத் தொடுகிறது. டர்போ இன்ஜினின் விசையும் அதே மாதிரி பெருகும் என்பாய். பெருகும், பின்சக்கர ஆக்சில் தண்டு தாங்க வேண்டாமா? போதாக்குறைக்கு, கல்லின் மேல் ஊர்கிறபோது இன்ஜின் ஆயிரத்துச் சொச்சம் சுற்றில்தான் இருக்கும். அப்போது டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். மிதித்து எழுப்பினால் வண்டி துள்ளும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடு மயிரிழை விலகினாலும் பேரிங் போய்விடும்.

அந்தப் பாதையில் இறங்கும் ஓட்டுநர்களைக் கவனித்திருக்கிறாயா? லோவில் முதல் கியர், கிளட்சிலும் பிரேக்கிலும் கால் கிடையாது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்தப் பிடிமானம் புது இன்ஜினிலும் இதே மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது? பெரிய டயரும் மாட்டப்போகிறாயாம். 28 அங்குலத்துக்குப் பதில் 31 போட்டால் லோ கியரின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பார்க்க மிடுக்காக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரம் மாறுகிற அளவுக்கு வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு யார் மீதாவது மோதினால் காப்பீட்டுக்காரன் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான். உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

காசு கை அரித்தால் முன்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கவனி. டிஸ்க் மாற்ற முடியுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர், பம்ப் இரண்டையும் நல்ல பட்டறையில் கொடுத்துச் சோதித்துக்கொள். பாதி சோம்பல் அதிலேயே தெளியும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு முழுச்சுற்று சுற்றச் சொல். இன்ஜின் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணு. அதுதான் ஆக்சிலின் கியர் விகிதம்; கூடக்கூட இழுவை கூடும். ஐந்தைத் தாண்டினால் உன் ஆக்சில் பாறை ஏறவே பிறந்தது. எண்ணி எழுது. அதுவரை அந்தப் பட்டறைக்காரனுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதே.

உன்,
சேது