நீர்க்கட்டி 'பல' என்றால் எத்தனை?

ஆசிரியருக்கு,

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை, விலாவில் வலி என்று ஸ்கேன் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் பயப்படுவது கல்லுக்குத்தான். கல் இல்லை என்றதும் ரிப்போர்ட் பைக்குள் போய்விடுகிறது. அதே தாளில் 'இரு சிறுநீரகங்களிலும் பல நீர்க்கட்டிகள்' என்று ஒரு வரி இருந்தால், அது 'பாலிசிஸ்டிக் கிட்னி' என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அந்த வரி கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்தது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆண், பெண் வித்தியாசமில்லை. "நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே" என்பது இங்கே செல்லாது.

வயதானால் யாருக்கும் ஒன்றிரண்டு கட்டி வரும். ஆகவே வயதை வைத்துத்தான் எண்ண வேண்டும். குடும்பத்தில் நோய் இருப்பவருக்கு 15 முதல் 39 வயதுக்குள் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து குறைந்தது 3 கட்டிகள், 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2, 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் 4 இருந்தால் நோய் உறுதி. 40 தாண்டியும் இரண்டு கட்டிகூட இல்லையென்றால் கவலையில்லை. ஆனால் 25 வயதில் ஸ்கேன் சுத்தமாக இருப்பது போதாது. இந்நோயால் சிறுநீரகம் பழுதான அண்ணனுக்குத் தன் சிறுநீரகத்தைத் தர முன்வரும் தங்கைக்கு எம்.ஆர்.ஐ.யோ மரபணுச் சோதனையோ செய்யாமல் விடவே கூடாது.

ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்கள் 'பல' என்று முடிக்காமல் கட்டிகளின் எண்ணிக்கை, பெரிய கட்டியின் அளவு, இரு சிறுநீரகங்களின் நீளம், கல்லீரலில் கட்டி உண்டா என்பதையும் எழுத வேண்டும். அதைப் பார்த்தாவது அடுத்த மருத்துவர் சிறுநீரகத்துக்கு ஆகாத வலி ஊசி போடத் தயங்குவார், பிரஷரைப் பார்ப்பார்.

கட்டியில் சீழ் பிடித்தால் குளிர்காய்ச்சலும் வலியும் வரும். கட்டி சிறுநீர்ப் பாதையோடு சேராததால் சிறுநீர்ச் சோதனை சரியாகவே இருக்கலாம். மருந்துக்குக் கேட்காத பெரிய கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே வடிக்கலாம். ரத்தம் உறையும் தன்மையைப் பார்த்து, தோலை மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைக் கண்ணால் பார்த்தபடி 18 கேஜ் (சுமார் 1.3 மி.மீ. தடிமன்) ஊசியைச் செலுத்தி, அதன் வழியே கம்பி விட்டு 8 பிரெஞ்ச் (சுமார் 2.7 மி.மீ. தடிமன்) குழாயை வைப்பார்கள். சிக்கல் எங்கே என்றால், இருபது முப்பது கட்டிகளில் சீழ் எதில் என்று கண்டுபிடிப்பதில்தான். சுவர் தடித்து, உள்ளே கலங்கலாகத் தெரிவதைத் தேட வேண்டும். தவறான கட்டியில் குத்தினால் நல்ல கட்டிக்கும் கிருமி போகும். வழியில் பெருங்குடல் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வைத்த குழாய் அடைத்துக்கொள்ளும். சலைன் விட்டு அலசாவிட்டால் காய்ச்சல் திரும்பும்.

ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. குளிர்காய்ச்சலில் நடுங்குபவரை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது. 2022இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இரவு பகல் எந்நேரமும் இப்படிச் சீழ் வடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் பணியில் இருப்பதையும், ஊசி, கம்பி, குழாய் மூன்றும் இருப்பில் இருப்பதையும் சுகாதாரத் துறை உறுதிசெய்ய வேண்டும்.

கதிரியக்கவியல் மருத்துவர்கள் சிலர்,
ராமநாதபுரம்.