கண்காட்சிக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலையகத்தில், ஹட்டனில் போன வாரம் நடந்த என் மட்பாண்டக் கண்காட்சிக்கு வந்தவர்கள், வாங்கியவர்கள், எடுத்துப் பார்த்து "இவ்வளவு விலையா!" என்று வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் அன்றே கைகூப்பிவிட்டேன். வேலை வெட்டியால் வர முடியாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

கொழும்பில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்குப் பார்த்தவள் நான். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு பட்ட பாட்டில் வேலை போய் ஊர் வந்தேன். அந்த வருஷம் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர்.

முதல் நன்றி, கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடயில் இருக்கும் குயவர் சீயாவுக்கு. சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. கண்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் அங்கே சட்டி பானைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு கடைக்குப் பின்னால்தான் அவர் சக்கரம். என் சிங்களம் அரைகுறை, அவர் தமிழ் "வாங்க, சாப்பிடுங்க" அளவு. என் கைமேல் கைவைத்து, மண் நடுவுக்கு வந்து ஆடாமல் நிற்கும்வரை அழுத்துவார். அவசரப்பட்டு மேலே இழுத்தால் சக்கரத்தையே நிறுத்திவிடுவார். காசு வாங்கவில்லை, தேயிலைப் பக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், அக்காமார். ஆடி மாதம் மழை விட்டால் மூடுபனி, சட்டி எங்கே காய்வது? ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடித்துவிடும். விறகு காயப்போடும் அடுப்புப் பரணில் எனக்கு இடம் விட்டார்கள். பிள்ளைகளின் கை படாமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான்.

அந்த அடுப்புச் சாம்பலும் எனக்கு வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சி, அதாவது மிலாறு, எரிந்த சாம்பல். அதைப் பலமுறை கழுவி, துணியில் வடித்து, வெள்ளைக் களியும் பெல்ட்ஸ்பார் என்ற கல்லின் தூளும் கலந்து சட்டியில் பூசி 1,240 பாகை செல்சியஸ் வரை சுட்டால், உருகிக் கண்ணாடியாகப் படியும். நல்ல பிளேன்டீ நிறம். "என்ன பெயின்ட்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் அதுதான். கொழுந்தைக் கப்பலேற்றிவிடுகிறோம், குச்சியில் இப்படியொன்று மிஞ்சியிருப்பது தெரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

மொலகொட மண் அவ்வளவு சூடு தாங்காது. தாங்கும் களிமண்ணைக் கொழும்பிலிருந்து கொண்டு வந்தவர் மரக்கறி லொறி அண்ணன். லீக்ஸும் கரட்டும் இறக்கிவிட்டு, அவிசாவளை வழியாக வரும்போது என் மூட்டைகளை ஏற்றி வருவார். டீசல் காசு பேச்சை எடுத்தாலே கோபம் வரும். என் கரண்ட் சூளையின் கம்பிச்சுருள் எரிந்தபோதெல்லாம் ஓடி வந்த கரண்ட் வேலைத் தம்பிக்கும் கடன் இருக்கிறது. தந்துவிடுவேன், தம்பி.

அம்மா "படிக்க வச்சது மண்ணு பெசையவா?" என்று கேட்டார். கண்காட்சியில் ஒரு ரூபாய் குறைக்க விடாமல் பேரம் பேசியதும் அவரேதான்.

மாதக் கடைசித் தலைவலி போய் இப்போது முதுகுவலி. ஆனாலும் சூளை திறக்கும் நாளில் யாரும் எழுப்பாமலே விடியுமுன் எழும்பிவிடுகிறேன்.

பொங்கல் பானை கேட்ட தோட்டத்து ஆட்களுக்கு: முன்பணம் வேண்டாம். அடுப்புச் சாம்பலைக் கொட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் மட்டும் வேண்டவே வேண்டாம்.