யாத் வஷேமுக்கு ஒரு மடல்: படிவத்தில் இன்னும் இரண்டு வரி

ஜெருசலேம் யாத் வஷேம் நினைவகத்தின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன், யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார்கள் என்ற தைரியத்தில்.

நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் பெயர்களைத் தேடிச் சேர்த்துவிட்டீர்கள். சொல்ல ஒரு ஆள்கூட மிஞ்சாத ஊர்களிலிருந்து இவ்வளவு பெயர்களை மீட்டது லேசுப்பட்ட வேலை இல்லை. என் பேச்சு, இறந்தவர்களைப் பற்றி உறவினர்களும் தெரிந்தவர்களும் உங்களுக்கு எழுதித் தரும் சாட்சிப் பக்கங்கள் என்ற படிவத்தைப் பற்றி. பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், தொழில், எங்கே எப்படி இறந்தார், எழுதித் தருபவர் என்ன உறவு. ஒருவருக்கு ஒரு தாள். கல்லறை இல்லாதவர்களுக்கு அதுவே கல்லறை, சரி. ஆனால் இனிமேல் அதைப் படிக்கப்போவது கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேத்தியும்தானே? தையல்காரர், ட்ரெப்ளிங்கா கொலைமுகாம், 1942 என்று மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளை மனசில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூமும் அவர் கூட்டாளிகளும் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். ஓனெக் ஷபாத் என்ற ரகசியப் பெயரில் அவர்கள் சேர்த்த காகிதங்களில் ட்ராம் டிக்கெட், ரேஷன் அட்டை, நாடக நோட்டீஸ், மிட்டாய் சுற்றிய தாள்கூட உண்டு. ஜனங்கள் பசியில் தெருவில் விழுந்து செத்துக்கொண்டிருந்த இடத்தில் மிட்டாய்த் தாளை எடுத்துப் பத்திரப்படுத்த எப்படித்தான் தோன்றியதோ! 1942 ஆகஸ்டில் ஒரு பகுதியைத் தகரப் பெட்டிகளில் போட்டுப் புதைத்தார்கள், அடுத்த பிப்ரவரியில் இன்னொரு பகுதியைப் பால் கேன்களில். 1946-ல் தோண்டியபோது பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கிப் பல தாள்கள் நாசமாகியிருந்தன. 1950-ல் கிடைத்த இரண்டு கேன்களில் இருந்தவை பெரும்பாலும் தப்பின. மூன்றாவதாகப் புதைத்தது இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தக் குழுவில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் ராகேல் அவுவெர்பாக், கெட்டோவில் கஞ்சித்தொட்டி நடத்தியவர். அப்புறம் இஸ்ரேல் வந்து, உங்கள் நிறுவனத்திலேயே சாட்சியங்கள் சேகரிக்கும் பிரிவை நடத்தியதும் அவர்தான். அதனால் நான் வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, உங்கள் வீட்டுப் பழக்கத்தைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

கேட்பது இவ்வளவுதான். ஏற்கெனவே எழுதித் தந்த குடும்பங்களைத் திரும்பக் கூப்பிட்டு, அந்தத் தாளோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: செல்லப்பெயர் என்ன, கோபம் வந்தால் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் எப்படித் திட்டுவார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பாட்டை முணுமுணுப்பார். அன்று குழந்தையாக இருந்து தப்பியவர்களுக்கே இப்போது 80 தாண்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. அப்படித் தப்பியவர்களைப் படம்பிடித்து, கேள்வி கேட்டால் திரையில் பதில் சொல்லும் உருவங்களாகச் சில அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள், எனக்கென்னவோ அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், பாட்டி மீன் உருண்டையில் சர்க்கரை போடுவாரா மிளகு போடுவாரா என்று கேளுங்கள். சர்க்கரை போடும் போலந்து யூதர் வீட்டுப் பிள்ளைகளும் மிளகு போடும் லிதுவேனிய யூதர் வீட்டுப் பிள்ளைகளும் சண்டைக்கே வந்துவிடுவார்கள், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.