‘சின்ன ஆப்’ எழுத எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஓய்வு நேரத்தில் கோடிங், மாதாமாதம் கூடுதல் வருமானம்’ என்று பயிற்சி நிலையங்கள் தரும் விளம்பரங்களில் என்ன மொழி, எத்தனை வாரம், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. படித்து முடித்த பிறகு கைக்கு வரும் முதல் வேலைக்கு என்ன விலை சொல்வது என்பது மட்டும் எதிலும் இல்லை. பகுதி நேரமாக நிரல் எழுதுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

உள்ளூர் வேலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு மளிகைக் கடைக்காரர் ஆண்ட்ராய்டு போனில் பில் போட ‘சின்ன ஆப்’ கேட்கிறார். பொருள் பட்டியல், விலை, ஜிஎஸ்டி, ப்ளூடூத் பிரின்டரில் பில், அவ்வளவுதான். எழுதுபவர் மனக்கணக்காக 30 மணி நேரம் என்று வைத்து, மணிக்கு 500 வீதம் 15,000 ரூபாய் சொல்லிவிடுகிறார். எல்லாம் முடித்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினால், “பொருள் பேரு தமிழ்ல வரணுமே தம்பி” என்கிறார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆனால் கடைகளில் இருக்கும் பெரும்பாலான தெர்மல் பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆங்கில எழுத்தை நேராக அனுப்பினால் அச்சாகும். தமிழை அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும். பில்லைப் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாள் பிரின்டர் என்றால் வழக்கமாக அகலத்துக்கு 384 புள்ளிகள், 80 மி.மீ. என்றால் 576. நீளமான பில்லை ஒரே படமாக அனுப்பினால் மலிவு பிரின்டரின் நினைவகம் நிரம்பி, பாதியிலிருந்து கிறுக்கலாகத் துப்பும். பட்டை பட்டையாக வெட்டி, நடுவில் சிறிது இடைவெளி விட்டு அனுப்பினால் சரியாக வரும். ஆனால் அச்சு மெதுவாகும். மாத முதல் வாரக் கூட்டத்தில் அந்தத் தாமதத்தை எந்தக் கடைக்காரரும் பொறுக்க மாட்டார். வேகத்துக்காக மறுபடி உட்கார வேண்டும். ஒரு வரிக் கோரிக்கைக்குச் சுளையாக 12 மணி நேரம்.

அடுத்தது “தள்ளுபடிக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுங்க”. பில்லில் காட்டும் தள்ளுபடியைக் கழித்துவிட்டுத்தான் ஜிஎஸ்டி போட வேண்டும். மொத்தத்தில் 100 ரூபாய் குறைத்தால், அதை 5 சதவீத வரிப் பொருளுக்கும் 18 சதவீத வரிப் பொருளுக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். பிரித்தால் பைசாக் கணக்கு இடிக்கும். இதற்கு 6 மணி நேரம். கடைக்கு நடையாய் நடந்தது, போனில் விளக்கியது, கடைப்பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னொரு 12. ஆக மொத்தம் 60 மணி நேரம். 500 என்று நினைத்தது 250 ஆகிவிட்டது, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து.

இதைத் தடுக்க ஒரு பக்கத் தாள் போதும். என்னென்ன செய்யப்படும் என்பதோடு, என்னென்ன இதில் இல்லை என்பதையும் எழுதுங்கள். எந்த மொழியில் பில், எந்த மாடல் பிரின்டர், எத்தனை போன்கள், இன்டர்நெட் இல்லாதபோதும் ஓட வேண்டுமா? தாளில் எழுதியது ஓடவில்லை என்றால் அது பிழை, 30 நாள் இலவசமாகத் திருத்தலாம். தாளில் இல்லாதது புது வேலை, மணிக் கணக்கில் கூலி. பணம் 30 சதவீதம் முன்பணம், ஓடும் மாதிரியைக் காட்டியதும் 40, ஒப்படைக்கும் முன் மீதி 30. முன்பணம் தரத் தயங்குபவர் கடைசித் தவணையையும் தர மாட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். டொமைன் (இணைய முகவரி), ஹோஸ்டிங் (சர்வர் இடம்) இரண்டும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் கார்டிலேயே வாங்கப்பட வேண்டும். நம் பெயரில் வாங்கினால் அடுத்த வருஷம் புதுப்பிக்கும் செலவும் பழியும் நம் தலையில்தான்.

ஒப்படைக்கும் தேதி சொல்லும்போது கூகுள் பிளே ஸ்டோரை மறந்துவிடுகிறார்கள். டெவலப்பர் கணக்குக்கு ஒரு தடவைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திய பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். ‘முடிந்துவிட்டது’ என்று சொன்ன பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் போகும்.

வேலையில் இருப்பவர்கள் முதலில் புரட்ட வேண்டியது தங்கள் பணி நியமனக் கடிதத்தை. வேறு வேலை செய்யக் கூடாது என்ற வரி பெரும்பாலான மென்பொருள் நிறுவனக் கடிதங்களில் உண்டு. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி 300 பேரை நீக்கியதாக விப்ரோ அறிவித்தது. அடுத்த மாதமே, முன் அனுமதி பெற்றுச் சில வெளி வேலைகளைச் செய்யலாம் என்று இன்ஃபோசிஸ் சொன்னது. அனுமதி கேட்டு அனுப்பும் ஒரு மின்னஞ்சல் பெரிய காப்பு. அலுவலக லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. பணியின் பகுதியாக எழுதிய நிரல், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். வெளி வேலை எது, அலுவலக வேலை எது என்ற தகராறு அந்த லேப்டாப்பிலிருந்துதான் கிளம்பும்.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான இடமும் இருக்கிறது. உரிமையை எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்கும் வரை ஃப்ரீலான்ஸராக, அதாவது சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக, எழுதிய நிரல் பொதுவாக எழுதியவருடையதே. மாற்றும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இவ்விரண்டையும் எழுதித் தரச் சொல்வார். ‘முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும்’ என்ற வாக்கியத்தையும் நாம் அங்கேயே சேர்த்துவிட வேண்டும்.

வெளிநாட்டு வேலை பிடிக்க ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையதளங்கள் உண்டு. ஃபைவர் நம் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் கமிஷன் மட்டுமல்ல, விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்’ எனும் டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும். அங்கே மணிக் கணக்கு வேலை என்றால் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு தரம் நம் திரை படம் பிடிக்கப்படும்; அலுவலகக் கணினி கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். ‘உங்கள் கணக்கை வாடகைக்குத் தாருங்கள்’ என்று வருபவர்களுக்குப் பதிலே எழுத வேண்டாம்.

இப்போது பரவியிருக்கும் மோசடி, நேர்காணல் தேர்வு என்ற பெயரில் வரும் நிரல் கோப்பு. ‘இதில் ஒரு பிழை இருக்கிறது, ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்’ என்பார்கள். நிரலுக்குத் தேவையான துணைக் கோப்புகளை இறக்க ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று அடித்த கணமே, பேக்கேஜ் கோப்பில் ‘போஸ்ட்இன்ஸ்டால்’ என்று ஒளித்து வைத்த கட்டளை ஓடி, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை வாரிக்கொண்டு போய்விடும். கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். இல்லை என்றாலும் விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி போன்ற மென்பொருள்) மட்டும் ஓட்டுங்கள்.

உள்ளூர் நிறுவனம் பாக்கி வைத்தால், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு கைகொடுக்கும். ஆதாரும் பானும் போதும், கட்டணமில்லை. பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் தரலாம். இந்த விதியை நினைவூட்டி ஒரு கடிதம் போட்டாலே பல பாக்கிகள் வசூலாகிவிடும். வேலை தொடங்கும் முன்பே பதிவை முடித்துவிட வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடினால் பயனில்லாமல் போகலாம்.

வரிக்கு வந்தால், தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர்கள் 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் முறையில் வரவில் பாதியையாவது வருமானமாகக் காட்டிவிட்டு, செலவு ரசீதுகளைக் கட்டி வைக்காமல் தப்பலாம். சம்பளத்தோடு இதுவும் இருந்தால் வருமான வரிக் கணக்குப் படிவங்களில் ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-4 போட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 44ஏடிஏ முறையில் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். சம்பளத்தில்தான் பிடிக்கிறார்களே என்று இருந்துவிட்டு, கணக்குத் தாக்கல் செய்யும்போது வட்டியோடு கட்டுபவர்கள் ஏராளம்.

இப்படிக்கு,
பகுதி நேர நிரலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.