சேலத்துக் கல்லும் பரங்கிப்பேட்டை உலையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். என் முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்துப் பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தைத் தெரிந்துகொள்ளப் பழைய புத்தகங்களைப் புரட்டப்போய், தாத்தா பாதியில் நிற்கிறார். 1830-இல் நம் ஊரில் ஊதுலை போட்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள்! ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு இதில் இறங்கியிருக்கிறார். தாது எங்கிருந்து தெரியுமா? உங்கள் சேலத்திலிருந்து. பரிசல்களில் ஏற்றி, ஆற்றோடு கொள்ளிடம் வரை கொண்டுவந்து, கான் சாகிப் வாய்க்கால் வழியாக இங்கே சேர்த்திருக்கிறார்கள்.

உலைக்கு நிலக்கரி இல்லை, எல்லாம் மரக்கரிதான். அக்கம்பக்கத்துக் காடு தீரத் தீர, கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. இரும்பாலைக் கம்பெனியின் பெயரை மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை, 1860-களில் மூடிவிட்டார்கள்.

பாவம் ஹீத். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். கரியோடு ஏற்கெனவே சேர்ந்த மாங்கனீசு என்று அதில் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு எஃகு ஆலைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) போட்டு, அவருக்குக் காசு தராமல் தப்பித்தார்கள். வழக்கு முடியும் முன்பே 1851-இல் இறந்துபோனார். 1855-இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான் வந்தது.

இன்னொன்று. வேல்ஸில் உள்ள மெனாய், பிரிட்டானியா பாலங்களுக்கு நம் ஊர் இரும்பு போனதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டானியா திறந்தது 1850-இல், அது சரி. மெனாய் தொங்கு பாலம் 1826-லேயே திறந்தாயிற்றே! ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே இறக்கிவைப்பது நம் காலத்து வியாதி மட்டுமல்ல போலிருக்கிறது.

"இந்தப் பக்கம் விறகுக்குக்கூட மரம் கிடையாது" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். அதற்கும் இந்த உலைக்கும் முடிச்சுப்போடக் கை பரபரக்கிறது. ஆனால் ஆதாரம் இல்லாமல் எழுதினால் அதுவும் மெனாய் பாலக் கதைதான். அதனால் இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உன்னால் ஓர் உதவி ஆகவேண்டும். பூலாம்பட்டியில் உன் மாமா பரிசல் போட்டவர்தானே? ஒரு பரிசல் எவ்வளவு பாரம் தாங்கும், கோடையில் தண்ணீர் வற்றினால் என்ன செய்வார்கள், இறக்கியபின் வெறும் பரிசலை எப்படித் திருப்பிக் கொண்டுபோவார்கள் என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜா