வாசகசாலைக் குழுவினருக்கு, கையெழுத்துப் போடாதவன் எழுதுவது

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணனுக்கும் செயலாளருக்கும் குழுவில் இருக்கும் மற்ற எல்லாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஒருபால் திருமணம் பற்றிய பேச்சரங்கம் பாதியில் நின்றது, அன்று ராத்திரியே நீங்கள் கூடித் தீர்மானம் போட்டீர்கள், மறுநாள் காலையில் தீர்மானப் புத்தகம் என் கடைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து மூன்று பேர் போன் பண்ணி ஏன் என்று கேட்டுவிட்டீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான், எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் போனில் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஒருபால் திருமணத்தை எதிர்க்கிறவர்களைக் ‘காழ்ப்பு பிடித்தவர்கள்’ என்று சொன்ன மூன்று பையன்களும் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரை வாசகசாலைப் படியேறக் கூடாது. இதுதான் தீர்மானம், இல்லையா?

முதலில் பையன்கள் மேல் எனக்கு இருக்கும் குறையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள், அது சரியில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொன்னார்கள். அந்த விஷயத்தில் ஐந்து பேரும் ஒன்றுதான். கல்யாணம் என்று சொல்லாமல் சேர்ந்து வாழ்வதற்கு வேறு ஏதாவது ஒரு சட்ட அங்கீகாரமாவது கொடுக்கலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அந்த மூன்று பேரையும் காழ்ப்பு பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஒருபால் ஜோடிகள் சேர்ந்து வாழ்வதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் நர்ஸ் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய் இருக்கிற அயர்லாந்தில் 2015-ல் இதற்கென்றே வாக்கெடுப்பு வைத்தார்கள். 62 சதவீதம் பேர் சரி என்றார்கள், 38 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 38-க்குள் எத்தனை விதம் இருந்திருக்கும்! கல்யாணம் என்ற ஏற்பாடே பெண்ணுக்கு விலங்கு, அதற்குள் இன்னும் ஆட்களை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கிற பெண்ணியவாதிகளும் உலகத்தில் இருக்கிறார்கள், அதுவும் எதிர்ப்புதான்.

வீட்டிலேயே பாருங்களேன், என் மாமி. ஞாயிறு பூசை தவறாதவர். கல்யாணம் என்றால் அருட்சாதனம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு, ஆணும் பெண்ணும்தான், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பையனை ஒருபால் விருப்பத்துக்காக அப்பன் அடித்து வெளியே தள்ளியபோது, மூன்று நாள் அவனுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்துத் திண்ணையில் படுக்க வைத்ததும் இதே மாமிதான். அவரைப் பையன்கள் அந்தச் சொல்லால் அழைத்தால் நானே சண்டைக்குப் போவேன்.

சரி, இது வரைக்கும் உங்கள் பக்கம். இனிமேல் சொல்லப் போவதைத்தான் நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். காழ் என்றால் மரத்தின் உள்ளே இறுகிப்போன வைரம். பலா மரம் அறுக்கிறவரிடம் கேட்டால் சொல்வார், வெளியில் இருக்கும் வெள்ளையில் உளி இறங்கும், உள்ளே போகப் போக இறங்காது. வெறி வேறு, காழ்ப்பு வேறு. வெறி பிடித்தவன் கம்பெடுத்துக்கொண்டு வருவான், பார்த்ததும் தெரிந்துவிடும். காழ்ப்பு அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு டீ குடிக்கும், ஆனால் எதிரில் இருப்பவன் சொல்வது மட்டும் உள்ளே இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீங்கள் ‘நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனால் பையன்கள் சொன்னது அதை இல்லை.

அன்று என்னென்ன காரணம் சொன்னீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர், அதில் கை வைக்கக் கூடாது என்றார் ஒருவர். என் அப்பா விட்டுப்போன பழைய ஆதாரக் கட்டு ஒன்று கடை அலமாரியில் இருக்கிறது (பத்திரத்தை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆதாரம் என்றுதான் சொல்வார்கள்), கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்குப் போட்டு எழுதியவை. அதில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பங்களின் சொத்தைப் பார்த்தால் மகன் பெயர் வராது, மருமகன் பெயர் வரும். மருமகன் என்றால் சகோதரியின் மகன். கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் உகந்துடைமை என்று கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். திருவிதாங்கூர் அரசு 1926-ல் சட்டம் போட்டு அதை மாற்றியது. ஆயிரங்காலத்துப் பயிர் என்று நாம் இப்போது காவல் காக்கிற இந்த அப்பா அம்மா பிள்ளைகள் வயலில், நம் மண்ணின் ஒரு பகுதி நாற்று நட்டு நூறு வருஷம்தான் ஆகிறது. கிழக்கே போனால் இன்னொரு கதை. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்த பிறகுதான் ஏற்கனவே அப்படிக் கட்டிக்கொண்டவர்களும் சட்டத்தின் கண்ணுக்குப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள். தலைவர் அண்ணன் வீட்டில் மாட்டியிருக்கிற அவருடைய அப்பா அம்மா கல்யாணப் படத்தில் ஐயர் இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பெறத்தானே கல்யாணம் என்றார் இன்னொருவர். போன மாசம் நான் எழுதிக் கொடுத்த கல்யாணப் பதிவு விண்ணப்பத்தில் மாப்பிள்ளைக்கு 66 வயது, பெண்ணுக்கு 61. இரண்டு பேருக்கும் ஒரு துணை வேண்டும், அதுதான் காரணம். அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். லட்டைத் தின்றவர்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட நீங்களும் இருந்தீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். உங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை.

2024-ல் இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் இரண்டு பெண்கள் வந்தார்கள், ஐம்பதை ஒட்டிய வயது. ஒருவர் வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர், மற்றவர் தையல் கடை வைத்திருக்கிறார். வீடு நர்ஸ் பெயரில். பாதியை மற்றவர் பெயருக்கு எழுத வேண்டும். என்ன உறவு என்று கேட்டேன், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ‘சேர்ந்து இருக்கோம், பத்தொன்பது வருஷமா’ என்றார் தையல்காரர். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுப்பது என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாள் என்றால் 7 சதவீதம். பாதி வீட்டுக்கு அரசு வழிகாட்டி மதிப்பு 15 லட்சம் வந்தது. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன்: புருஷன் பெண்டாட்டி என்றால் 15,000, நீங்கள் என்றால் 1,05,000, பதிவுக் கட்டணம் தனி. நர்ஸ் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உயில் எழுதினால் எவ்வளவு என்று கேட்டார். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. ஆனால் நாளைக்கு அண்ணன் தம்பிகள் வழக்குப் போடலாம், அதையும் சொன்னேன். உயிலே போதும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன்.

அவர்கள் படியிறங்கியதும், டீ கொண்டுவந்த பையனிடமும் பக்கத்துக் கடை எழுத்தரிடமும் ‘இதுல யாரு மாப்பிள, யாரு பெண்ணு?’ என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். திரும்பினால் வாசலில் அந்தத் தையல்கார அக்கா நிற்கிறார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு, ‘சாரே, உயிலு நகல் எப்போ கிட்டும்?’ என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். நகல் வாங்க நர்ஸ் மட்டும்தான் வந்தார்.

எனக்கு அந்த அக்கா மேல் எந்த வெறுப்பும் இல்லை, இப்போதும் சத்தியமாகச் சொல்வேன். அன்றைக்கு யாராவது என்னைக் காழ்ப்பு பிடித்தவன் என்று சொல்லியிருந்தால் நானும் உங்களைப் போலக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டிருப்பேன். 1,05,000 என்று நான் காட்டியது எனக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு அது பத்தொன்பது வருஷத்துக்குப் போட்ட அபராதம். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குடை எடுக்க வந்த ஒரு நிமிஷம்தான் சொன்னது.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மதுரைப் பெண்கள் இருவர் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். அதற்கு முன்னால் அவரும் என்னையும் உங்களையும் போன்றவர்தான். கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாற்றாமலே வந்திருந்தாலும், போய்க் கேட்டாரே, அதற்காகச் சொல்கிறேன். நீங்கள் அன்று கேட்கவில்லை. பையன் ஒருவன் மைக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என்று மத்திய அரசே 2024-ல் சொல்லிவிட்டது, ஆனால் சொத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் வழி இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான், அதற்குள் ஒயரைப் பிடுங்கினீர்கள். கல்யாணம் வேண்டாம், சரி, வீட்டை எப்படி எழுதுவது என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால் உங்கள் எதிர்ப்பைக் கொள்கை என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன். ஒயரைப் பிடுங்கின கைக்கு என்ன பெயர் வைக்கச் சொல்கிறீர்கள்?

அதனால் பையன்களின் மன்னிப்பில் பாதி எனக்கும் வேண்டும், மாமிக்காக. மீதிப் பாதியை நீங்கள் கேட்க முடியாது.

மாலைநேரச் சாவி என்னிடம் இருக்கிறது, ஆறு மணிக்குத் திறக்கிற முறை இந்த வாரம் எனக்கு. பையன்கள் வந்தால் உள்ளே விடுவேன். அது வேண்டாம் என்றால் யாரையாவது கடைக்கு அனுப்பிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பொருளாளர்