நம்ம ஊருக்கு பால சாகித்ய புரஸ்கார்

குழு உறவுகளுக்கு வணக்கம். செய்தியில் பார்த்திருப்பீர்கள், 2023க்கான பால சாகித்ய புரஸ்கார் தமிழில் நம்ம கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் சாருக்கு, 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக. சிறார் இலக்கியத்துக்காக சாகித்ய அகாடமி தரும் விருது இது, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும்.

பூமணி, சோ. தர்மன் என்று அகாடமி விருது இந்த ஊருக்குப் புதிதில்லைதான், ஆனால் சிறார் எழுத்துக்கு வந்திருப்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம், ஏனென்றால் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களை இங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்துக்கொண்டே கதை, கவிதை, அப்புறம் மலையாளத்திலிருந்து அத்தனை சிறார் புத்தகங்களின் மொழிபெயர்ப்பு என்று எழுதிக் குவித்தவர் அவர்.

நாவல் தெரியாதவர்களுக்கு: விடுமுறைக்குக் கீழடி போகிற பாலு, அங்கே கிடைக்கிற ஒரு பொம்மை வழியாகப் பழங்காலத்து ஆதனைச் சந்திக்கிறான். பாடப்புத்தக வாடை இல்லாமல் அகழாய்வைச் சொன்னதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

வாழ்த்துப் படங்களாகப் போட்டுக் குழுவை நிரப்ப வேண்டாம், ப்ளீஸ். புத்தகம் வேண்டுபவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள், மொத்தமாக வாங்கிவிடலாம். வீட்டில் பிள்ளைகள் படித்திருந்தால் அவர்கள் சொல்வதைக் குரல்பதிவாக அனுப்புங்கள், சாருக்கு அதையே அனுப்பிவைப்போம்.